இரண்டு அறை தாண்டிக் கேட்கும் மூச்சு

வெர்னா ஹார்யு பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையைத் தூக்குவார். எதிரில் இருப்பவர் உடனே வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, இரண்டு அறை தாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கணவர் ரெய்னோவின் மூச்சைக் கேட்பார். மூன்று மூச்சு, சில நாள் நான்கு. பிறகு கை இறங்கும், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"அதனாலதான் கேக்கறேன், லெஸ். போன மாசம் நீ கொண்டுவந்த உறிஞ்சு குழல்ல ஒரு கட்டு பூராவும் வளைஞ்சு கெடந்துச்சு. நான் என்ன நூடுல்ஸா கேட்டேன்?"

லெஸ் என்பது நான். மருத்துவச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டியை ஓட்டுகிறேன். சுப்பீரியர் ஏரிக்கரைச் சாலையில் ஸ்டோனி ரிவர் தாண்டி ஆறாவது மைலில் ஹார்யு வீடு. மாதத்தின் முதல் செவ்வாய், காலை பத்து மணி. எட்டு வருடங்களுக்கு மேலாக இதுதான் வழக்கம். பெட்டிகளை இறக்கிவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்தான். ஆனால் வெர்னா ஒவ்வொரு பெட்டியையும் என் முன்னாலேயே பிரித்துப் பார்ப்பார். பார்த்து முடிக்கும்வரை எனக்குக் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் உண்டு.

ரெய்னோவின் கழுத்தில், தொண்டைக் குழிக்குச் சற்று மேலே ஒரு துளை. அதில் சுண்டுவிரல் பருமனில் வளைந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று மூச்சுக்குழலுக்குள் இறங்குகிறது. அதன் வழியாகத்தான் அவர் ஒன்பது வருடமாக மூச்சு விடுகிறார். மூக்கு வழியே வரும் காற்று சூடாகி, ஈரமாகி, தூசு நீங்கி உள்ளே போகும். குழாய் வழியே போவது வெறும் காற்று. அது உள்ளே இருக்கும் சளியை உலர்த்திக் கட்டியாக்கும். கட்டி குழாயை அடைக்கும். வெர்னாவின் நாள் முழுவதும் இந்த ஒரு விஷயத்தோடுதான் கழிகிறது.

பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் சமைத்தவர் அவர். அந்தப் பழக்கம் போகவில்லை. வேளைக்கு வேளை எந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் சளியைக் கண்ணாடிப் புட்டியில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். "முட்டை வெள்ளை. நல்லது" என்பார். ஜவ்வரிசிக் கஞ்சி என்றால் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். கஸ்டர்ட் என்றால் அன்றைக்கே டாக்டருக்குப் போன். ஒருமுறை என் முன்னாலேயே இந்த அட்டவணையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரெய்னோ கழுத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடினார். அப்படி மூடினால்தான் காற்று மேலே ஏறிக் குரலாக வரும். அதுவும் குறுகலான வழியில் நெருக்கியடித்துக்கொண்டு வருவதால் ஒரு மூச்சுக்கு நாலு வார்த்தைக்கு மேல் கிடையாது.

"கல்யாணத்துல இவ கஸ்டர்டுக்குத்தான்" என்றார். விரலை எடுத்து மூச்சு இழுத்துக்கொண்டார். மறுபடி மூடினார். "மயங்கினேன். இப்ப தொடறதில்ல."

அந்த வீட்டில் மெழுகுவத்தி கிடையாது, முகப்பவுடர் கிடையாது, முடி கொட்டும் பிராணி எதுவும் கிடையாது. வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வந்தவர்களை வெர்னா உள்ளே விடமாட்டார். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் பார்க்க வந்த பாதிரியாரையே வாசல் படியில் நிறுத்தி, ஜன்னல் வழியாக ஜெபம் செய்ய வைத்திருக்கிறார். "கடவுளுக்குக் கேக்கும், ரெய்னோவுக்கு இருமல் வராது" என்றாராம்.

குளிர்காலத்தில் விறகடுப்பு எரிந்தால் காற்று எலும்பாகக் காயும். அப்போது அடுப்பின் மேல் இரண்டு பெரிய பாத்திரங்களில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். ஜன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழியும். ரெய்னோ குழாய் வாயில் ஒரு சின்ன வடிகட்டியை மாட்டிக்கொள்வார். மூச்சின் ஈரத்தைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் பொருள் அது, எங்கள் பட்டியலில் அதன் பெயரே செயற்கை மூக்கு. இருமினால் கழன்று எங்காவது போய் விழும். அவர் மேசைமேல் இரண்டு தட்டு தட்டுவார். வெர்னா சமையலறையிலிருந்தே கேட்பார்: "மறுபடியும் மூக்கைத் தொலைச்சியா?" ஒருநாள் அது சூப் பாத்திரத்தில் கிடந்தது.

வெர்னா ஒரே மாதிரியான மூன்று பைகள் வைத்திருக்கிறார். வீட்டில் ஒன்று, வண்டியில் ஒன்று, பின்புறத்தில் சௌனா என்னும் நீராவிக் குளியல் அறையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் அதே அளவுக் குழாய் ஒன்று, ஓர் அளவு சின்னது ஒன்று. இருக்கிற குழாய் தவறிக் கழன்று துளை சுருங்கிக்கொண்டால் சின்னதுதான் நுழையும். கூடவே வழுக்கும் பசை, கத்தரிக்கோல், கையால் அழுத்தும் காற்றுப் பை. பன்னிரண்டு வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் சௌனாவில் வெந்து, வேர்வை வழிய ஓடிப்போய் ஏரியில் குதித்து வளர்ந்தவர் ரெய்னோ. இப்போதும் சனிக்கிழமை சௌனா உண்டு. முடிந்ததும் ஏரிக்குள் நீளும் மரப்பாலத்தின் நுனியில் உட்கார்ந்து கால்களை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொள்வார். கழுத்து நனையக் கூடாது, அந்தத் துளைக்குள் ஒரு வாய் தண்ணீர் போனாலும் நேராக நுரையீரல்தான். வெர்னாவும் ஒன்பது கோடைகளாக ஏரியில் இறங்கியதில்லை. கேட்டால், "எனக்குக் குளிர் ஆகறதில்ல" என்பார்.

இந்தக் குழாய் அவருக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ரெய்னோ மர லாரி ஓட்டியவர். அறுபதாவது வயதில், இலையுதிர் காலத்தில், ஒரு திங்கட்கிழமை கால் விரல்கள் மரத்துப்போயின. புதன்கிழமை நிற்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மூச்சு விட முடியவில்லை. உடம்பு தன் நரம்புகளையே தாக்கிக்கொள்ளும் ஒரு நோய். நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் நகரத்து மருத்துவமனையில் ஏழு வாரம் எந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டது. கழுத்தில் துளை போட்டது அப்போதுதான். குழாய் தற்காலிகம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நோய் வந்த வழியே போயிற்று. கால்கள் திரும்பின, கைகள் திரும்பின, விரல் நுனிகளில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. ஏப்ரல் மாதத்தில் தானே நடந்து வந்து வீட்டுப் படி ஏறினார். வெளிவிடும் மூச்சைக் குரலுக்குத் திருப்பிவிடும் ஒரு வால்வைக் குழாயின் மேல் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் பேசினார். ஊரில் பலரும் அவரைச் சற்று அமைதியாக இருக்கச் சொல்லும் அளவுக்குப் பேசினார்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், ஒரு மதியம். வெர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வானொலியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. எதற்கோ திரும்பிப் பார்த்தபோது ரெய்னோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது, உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. இரண்டு கைகளாலும் நாற்காலிப் பிடியைப் பற்றியிருந்தார். குழாய்க்குள் இன்னொரு குழாய் உண்டு, கழற்றிக் கழுவுவதற்காக. வெர்னா அதை உருவினார். நுனியில் உருகி உறைந்த மெழுகு போலச் சளிக்கட்டி. அதை உருவியதும் ரெய்னோ உள்ளிழுத்த மூச்சின் சத்தத்தை வெர்னா எனக்குச் செய்தே காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த வீட்டில் வானொலி கிடையாது.

அடுத்து நடந்ததாக ஊருக்குத் தெரிந்தது இவ்வளவு. மே மாதத்தில் குழாயை எடுத்துவிட முடியுமா என்று சோதிக்க அழைத்திருந்தார்கள். மருத்துவமனை அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டது. ஆகஸ்டில் மறுபடி தள்ளிப்போட்டது. நவம்பரில் மூன்றாவது முறை. கடைசியாக அடுத்த ஏப்ரலில் போனபோது, குழாய்க்கு மேலே மூச்சுக்குழலுக்குள் சதை வளர்ந்து, வழி பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. லேசரால் இரண்டு முறை எரித்தார்கள். இரண்டு முறையும் திரும்ப வளர்ந்தது. சுருங்கிய இடத்தை வெட்டியெடுத்து ஒட்டும் பெரிய அறுவைக்கு அவருடைய இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். குழாய் இனி ஆயுளுக்கும் என்றானது. வால்வு மாட்டிப் பேசவும் வழியில்லை, மேலே காற்று போக இடம் போதவில்லை. கட்டைவிரல் பேச்சு வந்தது அப்படித்தான்.

ரெய்னோ அந்த மருத்துவமனையை மன்னிக்கவில்லை. காப்பிக்கு உட்காரும் யாரிடமும் நாலு நாலு வார்த்தையாக அதைச் சொல்வார். "பதினோரு மாசம் இழுத்தடிச்சாங்க." மூச்சு. "வேற யாராவதா இருந்தா." மூச்சு. "கேஸ் போட்டிருப்பான்." அந்த ஏப்ரலில், சோதனை முடிந்து வெளியே வந்ததும், தேதி கொடுக்கும் மேசையில் இருந்த பெண்ணை எல்லோர் முன்னாலும் அவர் வைத ஒரு கதையும் உண்டு. அதைச் சொல்லும்போது அவருக்கு இப்போதும் கண் பளபளக்கும். இந்தப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் வெர்னா எழுந்து போய் அடுப்பைக் கிளறுவார், நிரம்பியிருக்கும் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றுவார். நான் அதைப் பார்த்திருக்கிறேன். நொந்துபோன மனைவி, கேட்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன செப்டம்பர் கடைசியில், எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போகும் சுவாசச் சிகிச்சையாளர் கோலீன் ஒரு யோசனை சொன்னார். பள்ளிப் பேருந்து ஓட்டும் டாரல் கூலே என்ற பையனின் மனைவி, ஜானின் என்பவள், விபத்தில் சிக்கி, கழுத்துக் குழாயோடு வீடு திரும்பியிருந்தாள். டாரலுக்கு முப்பது வயதுதான். எந்திரத்தைத் தொடவே பயந்தான். "நான் எவ்வளவு சொன்னாலும் அது புத்தகப் பாடம்" என்றார் கோலீன். "வெர்னா வந்து ஒருநாள் காட்டினா அவனுக்குத் தைரியம் வரும்." நான் போய் வெர்னாவிடம் கேட்டேன். யோசித்தார். ரெய்னோதான் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

கூலே வீட்டு வரவேற்பறையில் நான் புதிய ஈரப்பத எந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தேன். சோபாவில் ஜானின். பக்கத்தில் தரையில் மண்டியிட்டு டாரல். வெர்னா அவன் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். "குழலை உள்ள விடறப்போ உறிஞ்சக் கூடாது. வெளிய இழுக்கறப்போதான். நீயும் உன் மூச்சைப் பிடிச்சுக்கோ. உனக்கு எப்ப முட்டுதோ அப்ப அவளுக்கும் முட்டும், எடுத்துடு." டாரல் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தான். முடித்ததும் ஜானினைவிட அவனுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது. ஜானின் சத்தமில்லாமல் சிரித்தாள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ரெய்னோ மேசையருகே காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, பழைய ஆள் புது ஆளைப் பார்ப்பது போல ஜானினைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க" என்றான் டாரல், கையைத் துடைத்துக்கொண்டே. "குழாய மூடிவெச்சு, மூக்காலயே மூச்சு விடறாளான்னு பாப்பாங்களாம். சரியா இருந்தா எடுத்துடுவாங்களாம்."

"நல்ல சேதிதானே" என்றார் வெர்னா.

"நல்லதுதான். ஆனா எனக்கே இப்பதான் கொஞ்சம் கை வந்திருக்கு. எடுத்தப்புறம் வீட்ல வெச்சு மூச்சு அடைச்சுக்கிச்சுன்னா நான் எங்க கைய வைக்கிறது? போன் பண்ணி ஆறு மாசம் தள்ளிக்கலாம்னு பாக்கறேன். பனிக்காலம் போகட்டும்."

ஜானின் வால்வைச் சரியாக அழுத்திக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "என்னை யாரும் கேக்கல."

"பண்ணாத" என்றார் வெர்னா.

"கோலீனும் அதத்தான் சொன்னாங்க. அவங்களுக்கென்ன, நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவாங்க."

"நான் கோலீன் மாதிரி சொல்லல. நான் பண்ணவ." வெர்னா கையிலிருந்த துண்டை மடித்தார். பிரித்தார். "மூணு தடவ பண்ணேன். மொதல்ல அவருக்குச் சளின்னு சொன்னேன். சளி இல்ல. அப்புறம் எங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னேன். எனக்கு அக்காவே கெடையாது. மூணாவது தடவ ரோட்ல பனின்னேன். பனி இருந்துச்சு, ஆனா போயிருக்கலாம்."

நான் திருகாணியைத் திருகுவதை நிறுத்தினேன். வெர்னா டாரலை மட்டுமே பார்த்துப் பேசினார். மேசைப் பக்கம் அவர் முகம் திரும்பவேயில்லை.

"வீட்ல வந்து, மருத்துவமனை தள்ளிப்போட்ருச்சுன்னு சொல்லுவேன். உன்ன மாதிரிதான் நெனச்சேன். குழாய் இருந்தா அவருக்குள்ள என் கை எட்டும். எடுத்துட்டா அந்த வாசல் மூடிடும். அப்புறம் கிழங்கு உரிக்கறப்போ நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள..." அங்கே நிறுத்திக்கொண்டார். "அந்தப் பதினோரு மாசத்துல வால்வ மாட்டினா மூச்சு முட்டுதுன்னு சொல்ல ஆரம்பிச்சார். மொதல்ல நாள் பூரா மாட்டியிருப்பார். அப்புறம் மத்தியானம் வரைக்கும். அப்புறம் ஒரு மணி நேரம். உள்ள சதை வளருதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் போகல. காத்து வறண்டிருக்குன்னு சொல்லி இன்னொரு பாத்திரத்துல தண்ணி வெச்சேன்."

ரெய்னோவின் மூச்சு மட்டும் குழாயில் கேட்டது. கோப்பையை மேசையில் வைத்தார். கட்டைவிரல் குழாய் வாயைத் தேடியது, நுனியில் உணர்ச்சி இல்லாததால் இரண்டு முறை தவறியது.

"அந்த மேசைல இருந்த பொம்பள" என்றார். மூச்சு. "அவளுக்குத் தெரியுமா?"

வெர்னா இப்போதுதான் அவரைப் பார்த்தார். "தெரியும். நீ கத்தறப்போ அவ கம்ப்யூட்டர்ல பாத்தா. எல்லாம் எழுதி வெச்சிருக்கும்ல, யார் போன் பண்ணாங்கன்னு. அப்புறம் என்னப் பாத்தா. அப்புறம் உன்கிட்ட, எங்க தப்புதான், மன்னிச்சிடுங்கன்னு சொன்னா."

ரெய்னோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கிளம்பிய வண்டி போகவில்லை, வாசலிலேயே உறுமிக்கொண்டு நின்றது. வெர்னா எழுந்திருக்கவில்லை. டாரலுக்கு இன்னும் உள்குழாயைக் கழுவுவது சொல்லித்தர வேண்டியிருந்தது. வெந்நீர் எவ்வளவு, தூரிகையை எந்தப் பக்கம் சுழற்றுவது, கழுவியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அதன் வழியாகப் பார்ப்பது எப்படி என்று ஒன்றையும் விடாமல் இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏறினார்.

அக்டோபர் முதல் செவ்வாய் நான் போனபோது கதவைத் திறந்தது ரெய்னோ. பெட்டிகளையும் அவரே பிரித்தார். சமையலறை மேசையில் ரொட்டி டப்பாமேல் சாய்த்துவைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது, புதியது.

"பட்டை இருக்கா" என்று கேட்டார். மூச்சு. "ஒத்த ஆளா மாட்டற மாதிரி?"

குழாயைக் கழுத்தோடு பிடித்துவைக்கும் துணிப்பட்டையைக் கேட்கிறார். பின்கழுத்தில் ஒட்டுவது அது. முன்பக்கம் ஒட்டும் வகையும் இருக்கிறது, ஆனால் விரல் நுனியில் உணர்ச்சி இல்லாதவருக்கு எதுவும் சுலபம் இல்லை. அடுத்த முறை கொண்டுவருவதாகச் சொன்னேன்.

அவரே தொடர்ந்தார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. மருத்துவமனைக்குப் போன் செய்தாராம். அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும் என்றாராம். எடுத்தவளுக்கு அவர் குரல் புரியவில்லை, யாரோ விளையாடுகிறார்கள் என்று இரண்டு முறை வைத்துவிட்டாள். மூன்றாவது முறை புரிந்துகொண்டாள். "ரிடையர் ஆயிட்டாளாம்" என்றார் ரெய்னோ. மூச்சு. "எங்க போனான்னு தெரியாதாம்." மறுபடி குழாயை மூடினார். "அவளக் கழுதைன்னு சொன்னேன், லெஸ்."

வெர்னா என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தார்.

"அன்னிலேர்ந்து என் கை படக் கூடாதுங்கறார். எல்லாம் அவரே பண்ணிக்கறார்."

"திட்டினாரா?"

"திட்டறதுக்கு மூச்சு வேணுமே. அத எனக்காக வீணாக்க மாட்டார்." கோட்டுப் பையில் கைகளை விட்டுக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேட்டார். மே மாசமே போயிருந்தா எடுத்திருப்பாங்களான்னு. நான் இத டாக்டர்கிட்ட அப்பவே கேட்டேன், லெஸ், தனியாப் போய். அந்தச் சதை மொதல் ஏழு வாரத்துலயே ஆரம்பிச்சிருக்கலாம், எந்திரத்துல இருந்தப்பவே. அந்தப் பதினோரு மாசத்துல வளந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதுன்னாரு. அதையே அவர்கிட்ட சொன்னேன். அது எனக்கு வசதியான பதில்னு அவர் நெனைக்கறார். வசதியே இல்ல. ஆமான்னு சொல்லியிருந்தா ஆமான்னு படுத்துத் தூங்கியிருப்பேன்."

சொல்லும்போதே கை உயர்ந்தது. தலை சாய்ந்தது. நான் காத்திருந்தேன். உள்ளே ரெய்னோ இருமினார். உறிஞ்சும் எந்திரம் ஓடியது, நின்றது. வெர்னாவின் கால் ஒன்று வாசல் படியில் ஏறியிருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

நவம்பரில் கூலே வீட்டிலிருந்து கம்பெனிக்கு அழைப்பு வந்தது, சாமான்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி. என் வேலையில் அப்படித் திரும்ப எடுப்பது பெரும்பாலும் வேறு காரணத்துக்காக இருக்கும். கதவைத் திறந்தது ஜானின். கழுத்தில் ஒரு சின்னக் கட்டு. பேசும்போது அதை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டாள். "துளை தானா மூடிக்குமாம். டாரல் இன்னும் நான் தும்மினா ஓடி வரான்" என்றாள். அவளுடைய சொந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். சற்றுக் கரகரப்பாக, அவள் வயதைவிடப் பெரியவள் குரல் போல இருந்தது.

அதை வெர்னாவிடம் சொன்னேன். "எடுத்துட்டாங்களா" என்றார். "எடுத்துட்டாங்க" என்றேன். தலையாட்டிவிட்டு, அடுக்கியிருந்த பெட்டிகளையே மறுபடி அடுக்கினார். ரெய்னோ ஜன்னலோரம் இருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். திரும்பவில்லை.

டிசம்பர் முதல் செவ்வாய் கடுங்குளிர். உள்ளே நுழைந்தபோது ரெய்னோ கண்ணாடி முன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். குழாய் முழுவதையும் எடுத்துப் புதியதை வைக்கும் நாள் அது, மாதம் ஒருமுறை. அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று கோலீன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒருவர் குழாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பட்டையை மாட்ட. அவர் தனியாகவே புதிய குழாயை உள்ளே விட்டுவிட்டார். பழையது கிண்ணத்தில் கிடந்தது, அதன் நுனியில் ரத்தம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கழுத்தைச் சுற்றி, இரண்டு மாதமாகப் பட்டை தளர்வாகவும் இறுக்கமாகவும் மாறி மாறி உரசியதில் தோல் சிவந்து, பின்கழுத்தில் ஒரு காசு அளவுக்குப் புண்ணாகியிருந்தது.

ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பட்டையின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கொண்டுவந்து கொடுத்த முன்பக்கப் பட்டை தரையில் கிடந்தது. நுனி கையில் சிக்கியது, வழுக்கியது. மறுபடி சிக்கியது, ஆனால் சிக்கியதே அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. குழாய் அசைந்தது, இருமல் வந்தது. இருமலில் குழாய் அரை அங்குலம் வெளியே எழும்பியது. அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

வெர்னா கழுவுதொட்டியருகே நின்றிருந்தார். கைகளைக் கழுவியிருந்தார். முழங்கைவரை ஈரம் சொட்டியது. கைகளை மார்புக்கு நேராக உயர்த்தி எதிலும் படாமல் பிடித்துக்கொண்டு, ஓர் அடி எடுத்து வைக்காமல் நின்றார். நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார், நீ உதவப் போகாதே என்பது போல.

இருமல் அடங்கியது. ரெய்னோ கண்ணாடியைப் பார்த்தார். பேச விரல் மீதமில்லை, இரண்டு கையும் குழாய்மேல் இருந்தன. பிறகு நாற்காலியோடு வெர்னா பக்கம் திரும்பி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, முகவாயை மேலே தூக்கினார்.

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். புண் இருந்த இடத்தில் மெல்லிய பஞ்சு வைத்து, பட்டையைச் சுற்றி ஒட்டினார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், அதுதான் அளவு. அவர் விரலை நுழைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. விரலை எடுக்கவில்லை. ரெய்னோவும் முகவாயை இறக்கவில்லை.